அரக்குத் தட்டில் அடங்கிய பெரிய மேளம்

பினாங்கு நகரின் லிட்டில் இந்தியாவில் இருவகை இசை கேட்கும். ஒன்று, குவீன் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயிலில் விழாக் காலங்களில் எழும் நாகசுரமும் தவிலும். மற்றொன்று, மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் கடைவாயில்களில் ஒலிபெருக்கியின் வழியே வரும் பாட்டு. முன்னது ஊதிய மூச்சோடு கலந்து மறைவது. பின்னது ஒருமுறை பதிவாகிப் பன்முறை ஒலிப்பது. முன்னதற்குக் கோயிலும் வீதியும் வேண்டும். பின்னதற்கு ஒரு மேசையும் ஒரு மூலையும் போதும்.

இவ்விரண்டும் ஒன்றாகிய காலம் ஒன்று உண்டு. திருவீதியில் இரவெல்லாம் முழங்கிய நாகசுர மேளம், பத்து அங்குல அரக்குத் தட்டில் மூன்று நிமிடத்துக்குள் அடங்கி, கடல் கடந்து வந்த காலம் அது. அக்காலத்தின் வரலாற்றை எழுதுவோர் கலைஞரைப் பற்றியும் கம்பெனிகளைப் பற்றியும் எழுதுவர். அத்தட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டு, கேட்டதைப் பிறருக்கு எடுத்துரைத்து, உடையாமல் காத்துவைத்த சுவைஞர்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் பெரிய மேளத்தின் பழைய நாதம் இன்று காதில் விழுகின்றதென்றால், அதற்கு முதற்காரணம் அச்சுவைஞர்களே ஆவர்.

கடலுக்கு இப்பால் வந்த ஒலி

1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்த நாள்தொட்டே தமிழர் அங்கு வந்து சேர்ந்தனர். துறைமுகத் தொழிலாளரும் படகோட்டிகளும் வணிகரும் குடியமர்ந்த தெருக்களே பிற்காலத்தில் லிட்டில் இந்தியா எனப் பெயர் பெற்றன. மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கினர். மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. நகரத்தார் வட்டிக்கடை வைத்துப் பொருளீட்டியதோடு, தண்ணீர்மலைச் சாரலில் முருகனுக்கும் கோயில் எடுத்தனர். 1894ஆம் ஆண்டு முதல் தைப்பூசத்துக்கு முன்னாள் அவர்களுடைய வெள்ளித் தேர், பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழக்கம் இருந்து வருகின்றது.

கோயில் உள்ள இடத்தில் மேளம் உண்டு. சுவாமி புறப்பாட்டின் தொடக்கத்தில் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பது சோழநாட்டு மரபு. பின்னர் வீதிதோறும் இராக ஆலாபனை விரியும். ஓர் இராகத்தை ஒரு வீதி முழுதும், சிற்சில வேளைகளில் ஓர் இரவு முழுதும், வாசிப்பதற்கு அம்மரபு இடங்கொடுத்தது. நாகசுரம் பரந்த வெளிக்கென்றே பிறந்த கருவியாகும். அதன் ஒலி ஊரின் எல்லைவரை செல்லும். நான்கு சுவருக்குள் கேட்பதைவிட நான்கு வீதிக்கு அப்பால் நின்று கேட்பதே இனிது என்பர்.

எனினும் பினாங்குத் தமிழர்க்கு ஒரு குறை இருந்தது. நாகசுரப் பெருங்கலைஞர்கள் வாழ்ந்த ஊர்கள் திருவாவடுதுறை, திருவிடைமருதூர், திருவெண்காடு, திருமருகல் எனக் காவிரிக் கரையிலும் அதன் கிளையாறுகளின் கரையிலும் இருந்தன. கப்பலேறி வந்தவர்கள் அப்பெயர்களை அறிவர்; ஊர்த் திருவிழாவில் கேட்ட நினைவும் சிலருக்கு இருக்கும். ஆனால் மலாயாவிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அவை வெறும் பெயர்களே. தந்தை ‘கேட்டேன்’ என்று சொல்வதை மகன் நம்ப வேண்டுமேயன்றித் தானும் கேட்பதற்கு வழியில்லை. அவ்வழியைத் திறந்தது இசைத்தட்டு.

மரத்தரக்கும் எஃகு ஊசியும்

கிராமபோன் கம்பெனியின் பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க் 1902ஆம் ஆண்டு இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, கோகர் ஜான் முதலிய பாடகியரின் குரலைப் பதிவு செய்தார். அதே பயணத்தில் கிழக்கே சென்று, 1903இல் சிங்கப்பூரிலும் பதிவுகளை நடத்தினார். அடுத்துவந்த ஆண்டுகளில் சென்னையும் பதிவாளரின் வழித்தடத்தில் சேர்ந்தது.

அந்நாளில் ஒலிவாங்கி இல்லை. கலைஞர் ஒரு பெரிய ஊதுகுழாயின் முன்னே நின்று பாடவோ வாசிக்கவோ வேண்டும். குழாயின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகடு அதிர, அதனோடு பொருந்திய ஊசி மெழுகுத் தட்டில் வரி கீறும். உரத்த ஒலிக்கே அத்தகடு அசைந்து கொடுக்கும் என்பதால் நாகசுரத்துக்கு இம்முறை ஓரளவு பொருந்திற்று. தவிலுக்கோ அது பெரும்பகையாயிற்று. ஓங்கிய ஒரு கொட்டில் ஊசி துள்ளி வரியைக் கெடுத்துவிடும். கொட்டு மெலிந்தாலோ அதன் ஆழ்ந்த நாதம் தட்டில் ஏறாது. மேளத்தில் பாதியாகிய தவில், பழந்தட்டுகளில் எங்கோ தொலைவில் மரத்தைத் தட்டுவது போலக் கேட்பதற்கு இதுவே காரணம். 1925ஆம் ஆண்டையொட்டி மின்சார ஒலிவாங்கி வழக்கத்துக்கு வந்தபின்னரே தவிலுக்கு ஓரளவு நீதி கிடைத்தது.

தட்டு செய்யப்பட்ட பொருளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். அது பெரும்பாலும் கற்பொடியும் அரக்கும் கலந்த கலவையாகும். அவ்வரக்கு இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. உலகம் முழுமைக்கும் அரக்கு வழங்கிய நாடுகளுள் இந்தியாவே தலையாயது. கரும்பலகை போன்ற அத்தட்டு கைதவறி விழுந்தால் ஓடுபோல் நொறுங்கும். ஒரு பக்கம் ஓடுவதற்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடம். ஒரு பக்கம் ஓடியதும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் மழுங்கிய ஊசி தட்டின் வரிகளை உழுதுவிடும்.

1930களில் தமிழ்நாட்டில் இசைத்தட்டு வாணிகம் பெருவெள்ளமாய்ப் பெருகிற்று. நாடக மேடையில் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் அகவையில், மறைந்தார். அவருடைய குரலை அதன்பின் கேட்க விரும்பியவர்க்கு இசைத்தட்டையன்றி வேறு புகலில்லை. மாண்டவர் பாடும் விந்தையைத் தமிழர் பெருமளவில் உணர்ந்தது அப்பொழுதுதான் எனலாம். காரைக்குடியிலிருந்து இத்தொழிலுக்கு வந்த ஏ. வி. மெய்யப்பன் 1932இல் கூட்டாளிகளுடன் சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸை நிறுவி, ஜெர்மானியக் கம்பெனியின் ஓடியன் தட்டுகளை விற்கலானார். தமிழ்ப் படவுலகில் பின்னாளில் ஏ. வி. எம். எனப் பெயர்பெற்றவர் அவரே. ஓடியனுக்காக இந்நாட்டில் பதிவான இசை, ஜெர்மனியில் தட்டாக வார்க்கப்பட்டு மீண்டும் இங்கு வந்தது. இந்தியாவின் அரக்கு ஐரோப்பா சென்று, இந்தியாவின் இசையைச் சுமந்து திரும்பிற்று என்று சொன்னால் மிகையாகாது.

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் மலாயாவில் முதலில் நின்ற துறை பினாங்கே. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ அவ்வழியில் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடிற்று. ஆளும் அரிசியும் புடவையும் புத்தகமும் வந்த வழியிலேயே இசைத்தட்டும் வந்தது. 1934இல் பினாங்கு வானொலிச் சங்கம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. வானொலியில் வந்த பாட்டு ஒருமுறை ஒலித்து மறையும். வேண்டியபோது வேண்டியமட்டும் கேட்கும் உரிமையைக் கொடுத்தது தட்டு ஒன்றே.

திருவாவடுதுறைத் தோடி

மேளக்கலைஞருள் இசைத்தட்டால் மிகுபுகழ் பெற்றவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை ஆவார். 1898 ஆகஸ்டு 27இல் பிறந்த அவருக்கு இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தந்தை குப்புசாமி பிள்ளை மறைந்தபின், தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். இளமையில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் இசை பயின்றார். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரம் கற்றார். வாய்ப்பாட்டுப் பயிற்சி அவருடைய வாசிப்பின் உள்ளே நின்றது. குழலில் ஊதுகின்றாரா, மிடற்றால் பாடுகின்றாரா என்று கேட்போர் மயங்கியது அதனாலேயே.

அவருக்கு முன் பெருவழக்கிலிருந்தது திமிரி நாகசுரம். அது குறுகியது; சுருதி உயர்ந்தது; திருவீதிக்கு ஏற்றது. இராசரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியைக் கொண்டு, நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை உருவாக்கச் செய்தார். ஆச்சா மரத்தில் கடைந்த அக்கருவியில் சுத்த மத்திமம் செம்மையாகப் பேசிற்று. நாதம் கனத்து இனித்தது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதற்கு அடிப்படையும் இத்தொழில் மரபே. ஒத்துக் கருவியின் இடத்தில் தம்பூராவைச் சேர்த்துக்கொண்டதும், நின்றும் நடந்தும் வாசித்த வழக்கத்தை விடுத்து மேடையில் அமர்ந்து கச்சேரி செய்வதை வற்புறுத்தியதும் அவர் செய்த மற்ற மாறுதல்களாகும்.

இம்மாறுதல்களின் உட்பொருளை நோக்க வேண்டும். நாகசுரமும் தவிலும் இசை வேளாளர் மரபில் வழிவழியாகக் காக்கப்பட்ட கலைகள். மேடையில் வாய்ப்பாட்டுக்குக் கிடைத்த மதிப்பு மேளக்காரர்க்குக் கிடைக்காத காலம் அது. பாடகர் அமர்ந்து பாடுவார். மேளக்காரர் வாயிலில் நின்று வாசிப்பார். இசைத்தட்டு இவ்வேற்றுமையை அறியாது. பாடகரின் தட்டும் நாகசுரக் கலைஞரின் தட்டும் ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்பவை. மேடை கொடுக்கத் தயங்கிய சமநிலையைத் தட்டு கேள்வியின்றிக் கொடுத்தது. பிறந்த ஊரையும் குலத்தையும் கடலுக்கு அப்பால் விட்டுவந்த கூலித் தொழிலாளிக்கும் எழுத்தருக்கும் அது வேறொரு பொருளையும் தந்திருக்கும்.

அவருடைய தோடி ஆலாபனைத் தட்டு தமிழர் வாழும் இடமெங்கும் பரவிற்று. தோடி எளிய இராகமன்று. அதன் காந்தாரமும் நிடாதமும் அசைந்து அசைந்தே உயிர் பெறுவன. வெறுமனே நிறுத்தினால் இராகம் தோன்றாது. வீணையில் கம்பியை இழுத்து அவ்வசைவைப் பெறலாம். நாகசுரத்தில் இழுக்கக் கம்பியில்லை, அழுத்தச் சாவியில்லை. விரல் துளையை எவ்வளவு மூடுகிறது, உதடு சீவாளியை எவ்வளவு பற்றுகிறது, மூச்சு எவ்வளவு தள்ளுகிறது என்ற மூன்றும் ஒத்துவந்தால்தான் அந்த அசைவு பிறக்கும். மணிக்கணக்கில் தோடியை விரித்தவர் என்று பெயரெடுத்த ஒருவர், அதனை இரண்டு பக்கத் தட்டில் சுருக்க நேர்ந்தது. சுருக்கியதால் சிறுத்துவிடாமல் திரண்டு நின்றதே அத்தட்டின் சிறப்பு என்பது சுவைஞர் முடிபு. 1956 டிசம்பர் 12இல் அவர் மறைந்தபின், அத்தட்டின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது.

காது கற்ற கல்வி

தட்டில் கேட்பதும் வீதியில் கேட்பதும் ஒன்றல்ல. வீதியில் கேட்பவன் கூட்டத்தோடு கேட்கிறான். வாணமும் தீவட்டியும் அவன் கண்ணை ஈர்க்கின்றன. போன பிடி போனதுதான். தட்டில் கேட்பவனோ அதே பிடியை மீண்டும் கேட்கலாம். பத்தாம் முறை கேட்கும்போது முதன்முறை கேளாத ஒன்று கேட்கும். எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சுரத்தில் கார்வை நின்றார், விரைந்த பிருகாவின் நடுவே எத்தனை சுரம் தெளிவாக உதிர்ந்தன என்பன ஒவ்வொன்றாய் விளங்கும். பள்ளியில் இசை பயிலாத எத்தனையோ பேர் இவ்வாறு கேட்டே இராக லட்சணம் அறிந்தனர். கேள்விச் செல்வம் என்ற சொல்லுக்கு இஃது ஒரு புதிய எடுத்துக்காட்டு.

தட்டு மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. கிராமபோன் பெட்டி கையால் முடுக்கும் சுருள்வில்லால் ஓடுவது. வில் தளர்ந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டு 74ஆகக் குறைந்தால், ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்துவிடும். திமிரியில் வாசித்தது பாரியில் வாசித்தது போல் மயக்கும். ஆதலால் தேர்ந்த சுவைஞர், வித்துவானின் வழக்கமான கட்டை எதுவென்று முதலில் அறிந்து, அதற்கேற்ப வேகத் திருகைத் திருத்திய பின்னரே கேட்பர். பழைய தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78இல் பதிவானவை அல்ல என்பதால் இவ்வறிவு இன்றும் தேவைப்படுகின்றது. தட்டை எண்முறையில் படியெடுக்கும்போது வேகத்தைத் தவறாக அமைத்தால், அப்பிழை இனிவரும் எல்லாப் படிகளிலும் நிலைத்துவிடும்.

இதற்கு மாறாக வாதிப்பாரும் உளர். மூன்று நிமிடத் தட்டு மேளத்தின் பரப்பை அறுத்துவிட்டது என்பர். திருவீதியில் நான்கு நாழிகை விரிந்ததைத் தட்டில் கேட்டு, அதுவே தோடி என்று கருதுவது, குளத்தைக் கண்டு கடல் என்பது போலாகும் என்பர். இளங்கலைஞர் ஒரு தட்டையே உருப்போட்டு வாசித்ததால், ஊருக்கோர் பாணி என்றிருந்த பன்மை குன்றிற்று என்றும் கூறுவர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. திருவிழா இரவின் முழுமையை எந்தத் தட்டும் தந்ததில்லை. ஆயினும் அவ்விரவுகள் கழிந்துவிட்டன. வாசித்தவரும் கேட்டவரும் மறைந்துவிட்டனர். குளமாவது எஞ்சியதே என்று மகிழ்வதன்றி வேறு செய்வதற்கில்லை.

பெயர் எழுதாத கைகள்

மேளம் என்பது ஒருவர் கலையன்று. நாகசுரம், தவில், சுருதி, தாளம் ஆகியவை சேர்ந்ததே மேளம். ஆனால் பெரும்பாலான தட்டுகளின் வட்டச் சீட்டில் நாகசுரக் கலைஞர் பெயர் ஒன்றே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். உடன் வாசித்தோர் ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவர். சிலவற்றில் அச்சொல்லும் இராது.

தவில் வாசிப்பு உடலை வருத்தும் கலை. பலா மரத்தில் குடைந்த அக்கருவியின் ஒரு பக்கத்தைக் கழியாலும், மறுபக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் வாசிப்பர். நாகசுரம் ஆலாபனை செய்யும்போது அடங்கியிருந்து, கீர்த்தனையில் அதன் நடையறிந்து இணைந்து, தனி ஆவர்த்தனத்தில் கணக்கின் ஆழத்தைக் காட்டுவது அதன் முறை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இக்கலையில் தலைசிறந்தவர். 1894இல் பிறந்து 1949இல் மறைந்த அவர், இராசரத்தினம் பிள்ளைக்கும் பிற நாகசுரப் பெருங்கலைஞர்க்கும் வாசித்துப் புகழ்பெற்றவர். அவர் வாசிக்கிறார் என்பதற்காகவே கூட்டம் கூடியதுண்டு. அடுத்த தலைமுறையில் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933–1975) கடலின் இரு கரையிலும் அவ்வாறே போற்றப்பட்டார்.

பெயர் அச்சிடாத தட்டில் வாசிப்பவர் யார் என்று எப்படி அறிவது? இங்கேதான் சுவைஞரின் காது சான்றாகின்றது. ஒவ்வொரு தவில் கலைஞர்க்கும் சொற்கட்டில் ஒரு தனிநடை உண்டு. கழியின் அடியில் ஒரு தனிக்கனம் உண்டு. நாகசுரம் முடிக்குமிடத்தை எதிர்பார்த்து எடுக்கும் முறையில் ஒரு பழக்கம் உண்டு. பலமுறை கேட்டவர் இவற்றைக் கொண்டு ஆளை அடையாளங் காண்பர். எனினும் காது ஏமாறுவதும் உண்டு. புகழ்பெற்ற பெயரைக் கேட்க வேண்டும் என்ற ஆசை, கேளாததையும் கேட்கச் செய்யும். ஆகவே காதின் முடிபைத் தட்டின் சான்றோடு ஒப்பிடல் வேண்டும். தட்டின் நடுவில், வரிகள் முடியும் வழுவழுப்பான பகுதியில், பதிவெண் பொறிக்கப்பட்டிருக்கும். வட்டச் சீட்டில் உள்ளது விற்பனை எண். இது பதிவின் எண். இவ்வெண்களை வரிசைப்படுத்தினால், எந்தெந்தப் பதிவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது தெரியவரும். ஒருநாள் பதிவில் ஒரு தட்டுக்குத் தவில் வாசித்தவர் பெயர் கிடைத்தால், அடுத்த எண்ணுள்ள தட்டிலும் அவரே வாசித்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. கல்வெட்டை வைத்து மன்னர் வரிசையை நிறுவும் ஆராய்ச்சிக்கும் இதற்கும் முறையில் வேற்றுமை இல்லை.

சேர்த்துவைத்த கைகள்

அரிய தட்டு என்பது எதனால் அரிதாகின்றது? முதலாவது காரணம் போர். 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் ஜெர்மனியோடு இருந்த வாணிகம் அறுந்தது. ஓடியன் தட்டுகள் மீண்டும் வருவதற்கில்லை. முன்பு வந்தவையே எஞ்சின. 1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1945 செப்டம்பர் வரை கப்பல் வழி அடைபட்டிருந்தது. அரக்குத் தட்டுப்பாட்டால் பல நாடுகளில் பழைய தட்டுகளை உடைத்துப் புதியன வார்த்தனர். இரண்டாவது காரணம் நாகரிகம். 1948இல் நீண்டநேர இசைத்தட்டு தோன்றிற்று. அதன்பின் ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தன. கையால் முடுக்கும் பெட்டி பழங்கலமாயிற்று. பெட்டி போனபின் தட்டு எதற்கு என்று பலர் எறிந்துவிட்டனர்.

இதே நேரத்தில் வேறொரு செல்வமும் வளர்ந்தது. 1950கள் முதல் ஒலிநாடாக் கருவி வசதியுள்ளோர் வீடுகளை அடைந்தது. திருமணக் கச்சேரிகளையும் கோயில் விழாக்களையும் சுவைஞர் தாமே பதிவு செய்யலாயினர். மூன்று நிமிடத் தளை அறுந்தது. பெருங்கலைஞர் முழு இராகத்தை விரித்து வாசித்ததைக் காட்டும் பதிவுகளுள் பல, கம்பெனிகள் செய்தவை அல்ல. இத்தகைய ஆர்வலர் செய்தவை. இராசரத்தினம் பிள்ளையின் மாணாக்கரான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ப் படத்தின் வாயிலாக உலகறிந்தவர் ஆனார். எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் போட்டியிட்ட பாட்டைக் கேளாதவர் இலர். ஆனால் படத்தில் கேட்பது அவர் கலையில் ஒரு துளி. கச்சேரி மேடையில் அவர் வாசித்ததன் விரிவை ஆர்வலர் நாடாக்கள் வழியே அறியலாம்.

தனியார் செய்த இப்பணிக்குச் சிறிது சிறிதாக அமைப்பும் உண்டாயிற்று. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றி ஓயாது எழுதியும் பேசியும் வந்தார். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றிற்று. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளுக்கு அட்டவணை தொகுத்து 1994இல் வெளியிட்டார். அழிநிலை ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின்கீழ் ஓடியன் தட்டுகள் எண்முறையில் படியெடுக்கப்பட்டன. அப்பணிக்கு வேண்டிய தட்டுகள் வந்தது கம்பெனிக் கிடங்கிலிருந்து அன்று, சேகரிப்போரின் வீடுகளிலிருந்தே. பித்தர் என்று உறவினர் நகைத்தவர்களின் பித்தே நூலகமாயிற்று.

பினாங்கின் கடன்

பினாங்கிலும் இதற்கான விழிப்பு தோன்றியதற்கு அடையாளம் உண்டு. அந்நகரின் இசை வரலாற்றைக் காட்டும் இசை இல்லம் ஒன்று 2016இல் கொம்தார் கட்டடத்தில் திறக்கப்பட்டது. பி. ராம்லி பிறந்த ஊர் அது. மலாய், சீன, இந்திய, ஐரோப்பிய இசைகள் ஒரே தெருவில் மோதியும் கலந்தும் வளர்ந்த ஊர். அவ்வூரின் பழைய கடைவீடுகளில் மாடியறைப் பெட்டிகளைத் திறந்தால், சென்னைத் தட்டும் சிங்கப்பூர்த் தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் வியப்பதற்கில்லை.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டது. அதன்பின் கடைவீட்டின் முகப்பை மாற்றுவதற்கும் ஓட்டைப் பிரிப்பதற்கும் விதிகள் உண்டு. ஆனால் அக்கடைவீட்டின் உள்ளே ஒலித்ததற்கு விதி ஏதும் இல்லை. வீடு கைமாறும்போது சுவர் நிற்கும். பெட்டி குப்பைக்குப் போகும். செங்கல்லைக் காப்பது போலவே ஒலியையும் காத்தல் வேண்டும் என்பது தட்டு சேகரிப்போர் நெடுநாளாகச் சொல்லிவரும் சொல்லாகும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தட்டைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைத்தல். வெயிலும் ஈரமும் படாமல் காத்தல். உறையையும் வட்டச் சீட்டையும் பதிவெண்ணையும் எழுதி வைத்தல். வேகம் அறிந்தவரைக் கொண்டு படியெடுத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமிருந்து வந்தது, அவர் எப்போது எங்கே வாங்கினார் என்பதை முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதுதல். தட்டு பேசும், ஆனால் தன்னை வாங்கியவர் யார் என்பதை அது சொல்லாது. சுவைஞரின் வரலாறு எழுதப்படாமற் போனதற்கு அதுவே காரணம்.

தைப்பூசத்துக்கு முன்னாள் பினாங்குத் தெருவில் வெள்ளித் தேர் புறப்படும்போது நாகசுரம் எழும். அதனை வாசிக்கும் இளங்கலைஞர், தம் ஆசிரியரிடம் கற்றது ஒரு பங்கு எனில், பழந்தட்டில் கேட்டுக் கற்றது மற்றொரு பங்காக இருக்கலாம். அத்தட்டை ஒருவர் வாங்கினார், ஒருவர் உடையாமல் வைத்தார், ஒருவர் படியெடுத்தார். தவில் வாசித்தவர் பெயரைப் போலவே அவர்கள் பெயரும் எந்தச் சீட்டிலும் இல்லை. ஆயினும் அவர்கள் கேட்ட தோடி இன்னும் கேட்கின்றது.